நிமிர்ந்தால் சுருக்கு

கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கிழவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள்.

கனிஷ்காவுக்கு அவளை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இடது புருவத்தைக் கிழித்துப்போன தழும்பு இவளுடையது. கல்லூரிக் காலத்துக் கபடியில் எதிரணிக்காரியின் முழங்கை கொடுத்த பரிசு. காது மடல், இறந்துபோன அம்மாவுடையது. மற்றதெல்லாம் வேறு யாரோ. முதுகு வில்லாக வளைந்திருந்தது. தலைமுடி சீப்புக்கு வேலை வைக்காத அளவில் இருந்தது. மணிக்கட்டு எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. ஆனால் ஒல்லியாக இருந்தாள். கனிஷ்கா எத்தனையோ வருடங்களாகக் கனவில் கண்டுவந்த அதே ஒல்லி.

"குனிஞ்சுட்டீங்க," என்றார் டாக்டர் மெஹருன்னிசா, பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் சொல்வதுபோல.

"இது நானுங்களா டாக்டர்?"

"சுருக்கு செஞ்சா, இருபது வருஷம் கழிச்சு இப்படி இருப்பீங்க."

"செய்யலீன்னா?"

டாக்டர் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தைத் தொட்டார். கிழவி மறைந்தாள். ஒரு நாற்காலி மட்டும் தெரிந்தது. கனிஷ்கா காத்திருந்தாள். அதில் யாரும் வந்து உட்காரவில்லை.

இரைப்பையைச் சுருக்கித் தைக்கும் சிகிச்சையை ஊரில் எல்லாரும் 'சுருக்கு' என்றுதான் சொன்னார்கள். கோயம்புத்தூரில் தெருவுக்கு இரண்டு பெண்கள் அதைச் செய்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. முதல் இரண்டு வருடம் கொண்டாட்டம்தான். சர்க்கரை இறங்கும், படியேறினால் மூச்சு வாங்காது, பழைய ரவிக்கைகளெல்லாம் பிடித்துத் தைக்கத் தையல்கடைக்குப் போகும். பத்து, பதினைந்து வருடம் கழிந்த பிறகுதான் பாதை பிரிந்தது. ஒருத்தி பேரப்பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடினாள். இன்னொருத்திக்குத் தும்மியபோது விலா எலும்பு முறிந்தது. ஒருத்திக்கு ரத்தத்தில் இரும்பு வற்றியது. ஒருத்திக்கு இறங்கின எடை அத்தனையும் போன வழியே திரும்பி வந்தது. அதே கத்தி, அதே டாக்டர், அதே மாத்திரை. யாருக்கு எது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

வருமெய்க் கண்ணாடி வந்த பிறகு சொல்ல முடிந்தது. சுருக்கு செய்துகொண்ட லட்சக்கணக்கான பெண்களின் முப்பது வருட வாழ்க்கையை அதற்குள் கொட்டியிருந்தார்கள். ரத்தம், எலும்பு, தூக்கம், நடை, பேச்சு, எல்லாம். எதிரே ஒருத்தி வந்து நின்றால், அவளைப் போன்றவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்து, அவளுடைய வருங்கால உடம்பை நிறுத்திக் காட்டும். ஏற்கெனவே வாழ்ந்து முடித்தவர்களை வைத்துச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது முறை அது சொன்னது பலித்தது. ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது. மறைக்கவில்லை, அதற்கே தெரியாது.

பலித்ததால் அது சட்டமாயிற்று. கண்ணாடியில் அடுத்தடுத்து இரண்டு முறை நிமிர்ந்து நின்றால்தான் கத்தி. 'நிமிர்ந்தால் சுருக்கு, குனிந்தால் கொள்ளு' என்று பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். குனிந்தவளுக்குச் சுருக்கு செய்து பிற்பாடு எலும்பு நொறுங்கினால் கத்தி வைத்தவர் பதில் சொல்ல வேண்டும். சுருக்கு செய்யாமல் விட்டு நாற்காலி காலியானால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 

"அடுத்த மாசம் திரும்பப் பாப்போம்," என்றார் டாக்டர். "அதுவரைக்கும் காப்பைக் கழட்டாதீங்க."

கனிஷ்கா பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. கழுத்தில் விசில், முழங்காலில் வலி, உடம்பில் சர்க்கரை. பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கும்போது கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்துவாள். அம்மாவும் இதே சர்க்கரையில்தான், இதே வயதில்தான், இப்படி ஒரு நாற்காலியில்தான் போனாள். 

*

காப்பு என்பது வலது கையில் மாட்டிய வெள்ளி நிற வளையம். அது நாடியையும் நடையையும் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள்ளே நலவாணி என்ற இயந்திரக் குரல் இருந்தாள்; முப்பது வருடமாகப் பெண்களிடம் கேட்டதையெல்லாம் கண்ணாடிக்குச் சொல்பவள். வேளைக்கு வேளை காப்பு மெல்ல அதிரும்; தேன் தடவிய கோவைக் குரலில் வாணி பேசுவாள்.

"வணக்கங்க கனிஷ்கா அம்மா. சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க," என்பாள் கனிஷ்கா, கணவன் சஞ்சீவுக்குத் தோசையைத் திருப்பிப் போட்டபடி.

பிறகு வாணி என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள், தூக்கம் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். கனிஷ்கா ஒவ்வொன்றாகச் சொல்வாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் இருப்பதை வழித்து, பையன் விடுதியிலிருந்து வந்திருந்தால் அவன் தட்டில் வைத்துவிட்டுப் போனதையும் சேர்த்து, நின்றபடியே அவள் சாப்பிடுகிற வேளை வேறு. அதை வாணி கேட்டதில்லை.

சஞ்சீவ் மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை பார்த்தான். நல்லவன்தான். குனிந்த செய்தியைக் கேட்டு அவன் முகம் விழுந்துபோயிற்று. "கண்ணாடிக்கு என்ன தெரியும் கனி? நம்ம ஊட்டுக் கண்ணாடியவே பாரு, என்னை அழகாத்தான் காட்டுது," என்று சிரிக்கவைக்கப் பார்த்தான். அவனுடைய அம்மா சுகன்யா, அதாவது கனிஷ்காவின் அத்தை, மருதமலைக்கு ஒரு வேண்டுதல் வைத்தாள்.

அந்த மாதம் பவானியில் மாவட்டக் கபடி முகாம். கனிஷ்கா பதினான்கு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று வாரம் பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்தாள். ஆற்றுத் தண்ணீரில் குளித்தாள். வெயிலில் நின்று கத்தினாள். "தொட்டுட்டா கை தூக்கிட்டு வெளிய வந்துருங்க புள்ளைகளா! நடுவர் பாக்கலீன்னு உள்ளயே நிக்கறவ எனக்கு வேண்டாம்!" வாணி கூப்பிட்டபோதும் மைதானத்தில் நின்றபடியேதான் பேசினாள். "எங்க அம்மிணி, இன்னும் ஒரு வாய்கூட இல்ல. பசி காதை அடைக்குது!" என்று அவள் கத்தினால் பிள்ளைகளில் ஒருத்தி சமையல்கூடத்துக்கு ஓடி, அவித்த முட்டையோ சுண்டலோ கொண்டுவந்து கையில் திணிப்பாள்.

முகாம் முடிந்து கண்ணாடி முன் போய் நின்றபோது கிழவி கைத்தடி இல்லாமல் வந்தாள்.

நிமிர்ந்து வந்தாள். நரைத்த கொண்டை, கழுத்தில் விசில், நெஞ்சை விரித்த நடை. கோட்டைத் தொட்டுத் திரும்பும் கபடிக்காரி போலக் கண்ணாடியின் விளிம்புவரை வந்து, ஒரு காலைத் தட்டிவிட்டு நின்றாள்.

"என்ன பண்ணுனீங்க?" என்றார் டாக்டர் மெஹருன்னிசா. அவருக்கே நம்ப முடியவில்லை. ரத்தம் அதேதான். எடையும் ஏறக்குறைய அதேதான்.

"ஒண்ணுமே பண்ணலீங்களே."

"எதைப் பண்ணுனீங்களோ அதையே பண்ணுங்க. இன்னும் ஒரு நிமிர்வு வந்துட்டாப் போதும்."

*

எதைப் பண்ணினோம் என்று தெரியாமல் அதையே பண்ணுவது எப்படி?

வெளியே காத்திருந்த ஸ்வாதிகாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. சூலூரில் நாய்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருந்தவள், கனிஷ்காவைவிட இளையவள், இரண்டு முறை குனிந்தவள். "பவானித் தண்ணிதானுங்கக்கா," என்றாள் அடித்துச் சொல்லி. "எங்க ஊட்டு லேப்ரடார் ஒண்ணு, பவானிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து முடியே கொட்டறதில்ல."

அத்தைக்கு மருதமலை முருகன்தான். சஞ்சீவ் எதையும் விட்டுவைக்கவில்லை. பவானியிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் வந்தது. கட்டிலை மடக்கிவிட்டுப் பாய் விரித்தான். முகாமில் போட்ட அதே சோப்பு, அதே பற்பசை. ஒருநாள் மாலை வீடு திரும்பியவள் படுக்கையறைச் சுவரில் கரும்பலகை மாட்டியிருப்பதைப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க மாமா?" என்றாள் சஞ்சீவிடம்.

"நீ வகுப்பறைலதான படுத்திருந்தே?"

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். முருகனுக்கு இன்னொரு வேண்டுதல் ஏறியது. வாணி வேளை தவறாமல் கேட்டாள். கனிஷ்கா கரண்டியும் கையுமாக "ஆச்சுங்க" என்றாள். பவானித் தண்ணீரைக் குடித்தாள்.

மூன்றாம் முறை கண்ணாடியில் கிழவி நடந்தே வரவில்லை. கட்டில் ஒன்று தெரிந்தது. போர்வைக்குக் கீழே மெலிந்த ஓர் உருவம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது.

"எனக்கும் புரியலை," என்றார் டாக்டர். "நிஜமாப் புரியலை."

*

நான்காம் முறைக்குப் போனபோது ரத்தப் பரிசோதனையும் இருந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் முப்பது பெண்களாவது இருந்திருப்பார்கள். பரிசோதனை இயந்திரம் பழுது. வெயில் உச்சிக்கு ஏறியும் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. ஒருத்தி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். ஸ்வாதிகா கனிஷ்காவின் தோளில் தலையைப் போட்டு, "அக்கா, நானு இப்ப ஒரு முழு ஆட்டைத் தின்னுபோடுவேன். அப்புறம் ஆட்டுக்காரனையும்," என்று முனகினாள்.

அப்போது கூடத்தில் இருந்த காப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. மதிய வேளை. முப்பது கைகளிலிருந்தும் வாணி ஒரே குரலில் கேட்டாள்:

"சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க," என்றார்கள் முப்பது பெண்களும்.

கோயிலில் தீபாராதனைக்குக் கைகூப்புவது போல, யோசிக்காமல், ஒரே மூச்சில். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கூடக் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். கனிஷ்காவும் சொல்லியிருந்தாள். ஸ்வாதிகாவும், தோளில் சாய்ந்தபடியே.

கனிஷ்கா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏம்புள்ள ஸ்வாதிகா, நீ என்ன சாப்ட்டே?"

"நானெங்கக்கா சாப்ட்டேன்? எச்சில்கூட முழுங்கலை."

"இப்ப ஆச்சுன்னு சொன்னியே?"

ஸ்வாதிகா விழித்தாள். "அது... கேட்டா அப்புடித்தானுங்களே சொல்லோணும்?"

அப்படித்தான் சொல்ல வேண்டும். கனிஷ்காவுக்கும் அது பிறவியிலேயே தெரியும். யாராவது கேட்டால் 'ஆச்சுங்க'. இல்லை என்றால் கேட்டவர் சோறு போட வேண்டிவரும். வீட்டுக்குள்ளிருந்து இல்லை என்றாலோ, வீட்டுச் சோற்றைக் கொண்டுபோய்ச் சந்தியில் வைத்த மாதிரி. என்ன குடும்பம், மருமகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று ஆகிவிடும். முகாமில் வீடு இல்லை. அங்கே பசித்தது, பசிக்கிறது என்று கத்தினாள்.

அவள் ஸ்வாதிகாவின் தலையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, டாக்டரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

*

டாக்டர் மெஹருன்னிசா முதலில் நம்பவில்லை. பிறகு முப்பது வருடத்துப் பெண்களின் பதிவுகளை எடுத்து, நிமிர்ந்து முடிந்தவர்களை ஒரு பக்கமும் குனிந்து முடிந்தவர்களை ஒரு பக்கமும் பிரித்துப் போட்டார். குனிந்தவர்கள் எப்போதும் 'ஆச்சுங்க' என்றிருந்தார்கள். நிமிர்ந்தவர்கள் அடிக்கடி 'இன்னும் இல்லீங்க' என்றிருந்தார்கள். வாணியின் முதல் கேள்விக்கான பதிலை மட்டும் மறைத்துவிட்டுக் கேட்டபோது கண்ணாடி ஆவி படிந்தது போல வெளுத்தது. யாருடைய உருவமும் தெரியவில்லை. அத்தனை ரத்தத்தையும் எலும்பையும் வைத்துக்கொண்டு, கடைசியில் அதற்குத் தெரிந்ததெல்லாம் இது ஒன்றுதான்.

"அப்ப பட்டினி கிடந்தவங்கதான் நல்லா இருக்காங்களா?" டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அது எப்படி? சுருக்குக்கு அப்புறம் வயிறு உள்ளங்கை அளவுதான். வேளா வேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா முட்டை, பருப்பு போகணும். விட்டா உடம்பு எலும்புல இருந்து எடுத்துக்கும். நான் படிச்சதுக்கு இது நேர் எதிரா இருக்கே!"

"பட்டினி இல்லீங்க டாக்டர். அவங்கதானுங்க சாப்ட்டவங்க."

"இல்லைன்னுதானே சொல்லியிருக்காங்க?"

"இல்லைன்னு சொன்னதுக்கப்புறம் யாரோ குடுத்திருப்பாங்க. இல்லீன்னா அவங்களே போய்ப் போட்டுச் சாப்ட்டிருப்பாங்க. ஆச்சுன்னு சொன்னவளுக்கு யாரு குடுப்பாங்க? பசிக்குதுன்னு ஊட்டுல வாய்விட்டுச் சொல்ல முடிஞ்சவளா இல்லையா, உங்க கண்ணாடி அதைத்தானுங்க பாத்திருக்குது."

"அதை எந்த ரத்தத்துல பாக்கறது?" என்றார் டாக்டர், தனக்குத்தானே.

கதவு பாதி திறந்திருந்தது. அங்கே ஸ்வாதிகா நின்று கேட்டுக்கொண்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் கனிஷ்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். காப்பு அதிர்ந்தது. சஞ்சீவ் வாயில் கோழி. அத்தை சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டாச்சுங்களா?"

நாக்கு 'ஆ'வுக்குப் போய்விட்டது. அதை இழுத்துப் பிடித்தாள். "இன்னும் இல்லீங்க," என்றாள். "பசிக்குது."

அத்தையின் கை சோற்றுக்குள்ளேயே நின்றது. "ஏங்கண்ணு," என்றாள் குரல் கம்ம, "நானென்னமோ உன்னையப் பட்டினி போட்ட மாதிரி, ஊரெல்லாம் கேக்க..."

"நீங்க போடலீங்கத்தை. நானாத்தான் கெடந்தேன். இத்தனை வருசமா."

சஞ்சீவ் எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் தன் தட்டையே அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு அது எச்சில் என்று உறைத்து, வெட்கப்பட்டு, அலமாரியைத் திறந்து வேறு தட்டு எடுத்தான். எந்த அலமாரியில் தட்டு இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவனுக்கு நேரம் ஆயிற்று. கனிஷ்கா உட்கார்ந்து சாப்பிட்டாள். ரசம் சூடாக இருந்தால் இப்படி இருக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாணியின் குரல் கேட்டாலே அத்தை எழுந்துவிடுவாள். 'இன்னும் இல்லீங்க' என்பது பாதி வருவதற்குள் தட்டு வந்துவிடும். முதலில் ரோஷத்தில் வந்த தட்டு, போகப்போகப் பழக்கத்தில் வந்தது. பிறகு பாசமாகவும் இருக்கலாம். அத்தையின் முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. அடுத்த முறை கிழவி நிமிர்ந்து வந்தாள். விசிலோடு.

ஆனால் நிமிர்ந்தது அவள் மட்டுமல்ல. ஸ்வாதிகாவின் வாய் சூலூரோடு நிற்கிற வாயல்ல. நாய்க்கு முடிவெட்ட வந்தவர்களிடம் சொன்னாள். அவர்கள் தங்கைகளிடம் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் மாவட்டம் முழுக்க, மூக்குமுட்டச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே பெண்கள் "இன்னும் இல்லீங்க" என்றார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை வழித்தபடி "இன்னும் இல்லீங்க" என்றார்கள். கண்ணாடி முன் வந்து நின்ற அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். ஸ்வாதிகா பட்டாளத்துச் சிப்பாய் போல நிமிர்ந்தாள்.

டாக்டர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பத்தில் ஒன்பது பலித்த கண்ணாடியைச் சந்தேகிக்க இடமில்லை, விதிப்படி நடக்கவும் என்று பதில் வந்தது. 

அடுத்த மாதம் கனிஷ்கா மறுபடி நிமிர்ந்தாள். தேதி கொடுத்தார்கள். 'நான் நிஜமாகவே பசியைச் சொன்னதால் நிமிர்ந்தேனா, சொல் பழகிவிட்டதால் நிமிர்ந்தேனா' என்று கேட்டுப் பார்த்துக்கொண்டாள். கேட்கப் போனால் கண்ணாடிக்கும் தெரியாது.

*

முந்தின நாளே சேர்த்துக்கொண்டார்கள். கனிஷ்காவுக்கும் ஸ்வாதிகாவுக்கும் ஒரே அறை. துணைக்கு அத்தை. கட்டில் தலைமாட்டில் 'எதுவும் உண்ணக் கூடாது' என்று அட்டை தொங்கியது. நன்றாகத் தூங்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். விடியும்போதும் அந்த மயக்கம் தெளியாமல், பஞ்சுக்குள் கிடப்பது போல இருந்தது.

காப்பு அதிர்ந்தது. "சாப்டாச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க," என்றாள் கனிஷ்கா கண் திறக்காமல். அடுத்த கட்டிலிலிருந்து ஸ்வாதிகாவும் அதையே முனகினாள்.

அத்தை எழுந்தாள். அட்டையை அவள் பார்க்கவில்லை; அவளுக்கு அந்தச் சொல்தான் கேட்டது. தனக்கென்று கட்டிக்கொண்டு வந்திருந்த டிபன்பாக்ஸைத் திறந்து, இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து மருமகள் வாயில் வைத்தாள். வாய் தானாகத் திறந்தது. இரண்டு இட்லி. பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "நீயும் சாப்புடு சாமி, பாவம்," என்று அங்கேயும் இரண்டு.

இருவரையும் தள்ளுகட்டிலில் வைத்து அறுவை அரங்குக்குள் கொண்டுபோனபோது குளிர் அடித்தது. அவர்களுக்கு முன்னால் அங்கே வரிசையில் நான்கு பெண்கள். மயக்க மருந்து கொடுக்கும் இளம் டாக்டர் ஒவ்வொருத்தியாகக் குனிந்து கேட்டு வந்தார்.

"காலைல இருந்து எதாவது சாப்டீங்களாம்மா?"

"இன்னும் இல்லீங்க."

"நீங்க?"

"இன்னும் இல்லீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "வயித்துல ஏதாவது இருந்தா மயக்கத்துல மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிரும். உயிருக்கே ஆபத்து. இது வாணி கேக்கற கேள்வி இல்லை, நான் கேக்கறேன். சாப்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க," என்றாள் ஸ்வாதிகா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

கனிஷ்காவின் நாக்கில் தேங்காய்ச் சட்னியின் ருசி இருந்தது. அது எப்படி வந்தது என்று நினைத்துப் பார்த்தாள். பஞ்சு விலகியது. அத்தையின் விரல்கள். இட்லி. பக்கத்துக் கட்டில்.

டாக்டர் அவள்மேல் குனிந்தார். எது சரியான பதில் என்று ஒரு கணம் அவளுக்குத் தெரியவில்லை. மரியாதைக்கு ஒன்று இருந்தது. நிமிர்வதற்கு ஒன்று இருந்தது. காலி நாற்காலி கண்முன் வந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கோடு தொடும் தூரம், நடுவர் பார்க்கவில்லை.

போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து மேலே தூக்கினாள்.

"ஆச்சுங்க," என்றாள். "ரெண்டு இட்லி. அவளுக்கும் ரெண்டு."

"ஐயோ அக்கா!" என்று அலறினாள் ஸ்வாதிகா. "யாராச்சும் கேட்டாங்களா உங்களை?"

"செத்துப்போவே புள்ள!"

"நிமிந்தே சாவேனுங்க! இப்புடிக் குனிய வெச்சுட்டீங்களே, பாவி!"

*

இருவரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். காப்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. உச்சிவேளைக்கு டாக்டர் மெஹருன்னிசா அவர்களைக் கண்ணாடி முன் நிறுத்தினார். 'ஆச்சுங்க' என்ற ஒரு சொல்லுக்குக் கனிஷ்காவின் கிழவி கைத்தடியோடு வந்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளுக்கு என்ன காட்டுவதென்று கண்ணாடி தடுமாறி, ஸ்வாதிகாவின் கிழவியைப் பாதி வளைத்து நிறுத்தியது. 

"இன்னிக்கு உள்ள போன நாலு பேரும் நிமிர்ந்தவங்க," என்றார் டாக்டர். "அவங்க எத்தனை இட்லின்னு யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் நிறுத்தி, ஒவ்வொரு வயித்தையும் கருவி வெச்சுப் பாக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். நிஜத்தைச் சொன்ன நீங்க இங்க குனிஞ்சு நிக்கறீங்க. நான் எதைப் பாத்துக் கத்தி எடுக்கறது?" அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "விதிப்படி, அடுத்த மாசம் வாங்க. விதிப்படி வேண்டாம்னா... தெரியலை. யோசிக்கணும். நீங்களும் சொல்லுங்க."

ஸ்வாதிகா மூக்கை உறிஞ்சினாள். கோபம் பாதி இறங்கியிருந்தது. "உங்கத்தை சட்னி நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் வேண்டாவெறுப்பாக. கனிஷ்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் இரண்டு கிழவிகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றார்கள். ஒருத்தியை ஒருத்தி தெரியாதவர்கள் போல.

காப்பு அதிர்ந்தது.

"வணக்கங்க கனிஷ்கா அம்மா. சாப்டாச்சுங்களா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஸ்வாதிகா பார்த்தாள். கனிஷ்கா காலையில் சாப்பிட்டது உண்மை. இப்போது பசிக்கிறது, அதுவும் உண்மை. ஒரு சொல்லுக்கு நிமிர்வாள், ஒரு சொல்லுக்குக் குனிவாள். இத்தனை வருடமும் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களெல்லாம் என்னதான் தெரிந்துகொள்ள விரும்பினார்கள்?

"எதையாச்சும் சொல்லித் தொலைங்கக்கா," என்றாள் ஸ்வாதிகா.

கனிஷ்கா காப்பை வாயருகே கொண்டுபோனாள்.

"நீ சாப்ட்டியா அம்மிணி?"

லட்சம் பெண்களிடம், வேளை தவறாமல், முப்பது வருடம் கேட்டவள் வாணி. அவளைத் திருப்பிக் கேட்டவர் யாரும் இல்லை போலிருக்கிறது. அத்தனை பெண்களின் அத்தனை பதில்களையும் அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது போல, காப்பு கனிஷ்காவின் கையில் மெல்லச் சூடேறியது.

"ஆச்சுங்க," என்றாள் வாணி.